எல்லாருக்கும் ஒரே பெட்டி

மார்ச் 3, திங்கள்

காலை கூடத்தில் இருந்தவர்கள்: என் கணவர், அவருடைய அக்கா (எனக்கு அண்ணி, தன் கணவர் இறந்தபிறகு எங்களோடு இருக்கிறார்), மகன், நான். நாலு பேர். என் போனில் இருந்த மெயில் ஆப் மாத முடிவோடு நின்றுவிடுமாம். புதிதாக ஒன்று தேர்ந்தெடுக்கக் கூடினோம்.

ஒரு வாரமாகத் தனியாக உட்கார்ந்து மூன்றைச் சோதித்து வைத்திருந்தேன். பெயரெல்லாம் வாயில் நுழையாததால் படத்தை வைத்தே குறித்துக்கொண்டேன். நீல உறை: எழுத்து அழகு, ஆனால் நாலு மெயிலுக்கு ஒரு விளம்பரம். கறுப்புப் புறா: போனில் மட்டும்தான், கம்ப்யூட்டரில் கிடையாது. பச்சைக் கட்டம்: இரண்டிலும் வருகிறது, போனில் பாதி எழுதி வைத்தால் கம்ப்யூட்டரில் மீதியை எழுதலாம், தமிழ் உடையவில்லை.

"உனக்கு யாரு மெயில் போடப்போறா? கேஸ்காரன்கூட எனக்குத்தான் போடறான்" என்றார் அவர்.

"ஏன், அவ தங்கச்சி போடறாளே, வாயில்லாப் பூச்சி" என்றார் அண்ணி. மூவரும் சிரித்தார்கள். மகனும்.

தங்கை பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தது, குரல் போனது. போனில் பேச முடியாது. போனில் தட்டவும் விரல் வளையாது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக எழுதுவாள். எங்களுக்குள் மிச்சமிருப்பது மெயில் ஒன்றுதான். அதனால்தான் இத்தனை சோதனை.

"பச்சைக் கட்டத்துல இன்னொரு வசதி இருக்கும்மா. அப்பா பம்புக்கடை மெயில், உன் மெயில், எல்லாம் ஒரே பெட்டியில விழும். யாரு வேணா பாக்கலாம்" என்றான் மகன்.

குடும்பத்துக்குள் ஒளிவு மறைவு என்ன என்று நான்தான் சரி சொன்னேன். நான்தான்.

மார்ச் 5, புதன்

புது ஆப்பில் தங்கையின் முதல் மெயில். அவளைச் சின்ன வயதிலிருந்து "ஓட்டவாய்" என்றுதான் கூப்பிடுவேன். ஆபரேஷனுக்குப் பின் அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை, "அன்புள்ள தங்கைக்கு" என்று ஆரம்பித்தேன். "எதுக்கு இந்த மரியாதை, நான் செத்தா போயிட்டேன்?" என்று திருப்பி அடித்தாள். அன்றிலிருந்து மறுபடி ஓட்டவாய்தான்.

கடை மெயில்களுக்கு நடுவே அவள் பெயர் வந்து நிற்பது ஒரு மாதிரி இருக்கிறது. பம்பு, வால்வு, மோட்டார், தங்கை, பம்பு.

மார்ச் 9, ஞாயிறு

பூசையெல்லாம் முடித்துவிட்டு மெயிலைத் திறந்தேன். ஆறு மாதமாவது தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கழுத்தில் வைத்திருக்கும் துளை அடைத்துக்கொண்டால் கூப்பிட்டு உதவி கேட்கக்கூட முடியாது. "உன் வீட்டுப் பின்னறையில் இருந்துகொள்ளட்டுமா? அத்தானைக் கேட்டுச் சொல். நான் சத்தம் போடமாட்டேன், அதற்கு மட்டும் உத்தரவாதம்" என்று எழுதியிருந்தாள். குறும்புக்காரி. சிரித்துவிட்டு அழுதேன்.

மார்ச் 10, திங்கள்

கேட்டேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே, "பேச்சு வராத பொம்பள ஒண்ணு இந்த வீட்டுக்கு வரணும்னுதான் நானும் வேண்டிக்கிட்டிருந்தேன். சாமி ஆள மாத்திக் குடுத்துட்டாரு" என்றார்.

அண்ணி: "துளைன்னா சளியெல்லாம் வருமே. நான் அந்தப் பக்கம் எப்படி நடமாடறது?"

"அண்ணி, அந்த அறைப் பக்கம் நீங்க போறதே இல்லையே."

"இனிமே போகத் தோணும்ல."

பார்க்கலாம் என்று எழுந்து கைகழுவப் போனார். பார்க்கலாம் என்றால் என்ன? இவரைக் கேட்காமல் தங்கைக்கு வா என்று எழுதி, அவள் வந்து வாசலில் நின்றால்? முடிவு தெரிந்து எழுதுவோம் என்று பொறுத்திருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மார்ச் 17, திங்கள்

ஒரு ரசீதைத் தேடி "அனுப்பியவை"க்குள் போனேன். என் பெயரில் தங்கைக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. நான் எழுதாதது.

"அன்புள்ள தங்கைக்கு, இங்கே இடவசதி இல்லை. உன்னைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெம்பும் இல்லை, விருப்பமும் இல்லை. இதுபற்றி இனி எழுத வேண்டாம். இப்படிக்கு, அக்கா."

அதற்கு அவள் பதில் ஒரே சொல். "சரி."

படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும். அந்தச் "சரி" மெலிந்திருந்தது. எனக்கு முன்னால் யாரோ படித்துவிட்டார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

யாரும் மறுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஒளித்திருந்தால்கூட மனுஷத்தனம் என்று சொல்லியிருப்பேன்.

"அப்பா சொன்னாரு, நான் தட்டினேன். நீ எழுதினா நாலு பக்கம் போகும்மா, அவங்களும் வந்து எறங்கிடுவாங்க" என்றான் மகன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"என் பேர்ல எழுதியிருக்கீங்களே" என்றேன்.

"பேரு உன்னுது, விலாசம் உன்னுது. நான் எங்க எழுதினேன்?" என்றார் அவர்.

எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்: அந்த மெயில்ல ஓட்டவாய்னு கூப்பிடாம தங்கைன்னு கூப்பிட்டிருக்கே, அதுலயே அவளுக்குத் தெரியவேண்டாமா இது நான் இல்லைன்னு? இல்ல, அதுலயேதான் நம்பிட்டாளா? பேரச் சொல்லிக் கூப்பிடக்கூட மனசில்லாம அக்கா எழுதிட்டான்னு?

உடனே புதிதாக ஒரு மெயில் எழுதினேன். நான் எழுதவில்லை, இவர்கள் எழுதியது, நீ கிளம்பி வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவசரத்தில் எழுத்துகள் மாறி விழுந்தன. திருத்தாமல் அனுப்பினேன்.

மார்ச் 21, வெள்ளி

பதில் இல்லை. நான் சொல்வதையாவது கேட்பாள் என்று போன் செய்தால் அணைத்து வைத்திருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

இன்றுதான் கண்ணில் பட்டது. எழுதும் கட்டத்துக்கு மேலே, சாம்பல் நிறத்தில், எறும்பளவு எழுத்தில் "அனுப்புநர்" என்று ஒரு வரி. ஒரே பெட்டி என்பதால் புதிதாக எழுதும் எதுவும் கடையின் விலாசத்திலிருந்துதான் போகுமாம். நாமாக மாற்றினால்தான் உண்டு. மூன்றையும் ஒரு வாரம் சோதித்தவளுக்கு இது தெரியவில்லை.

"நான் எழுதவில்லை, இவர்கள் எழுதியது" என்பது அவருடைய பெயரிலேயே போயிருக்கிறது.

மகனிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். "சித்தி திறந்தே பாத்திருக்க மாட்டாங்க. அப்பாவ பிளாக் பண்ணியிருப்பாங்க."

என் விலாசத்துக்கு மாற்றி மறுபடி எழுதினேன். அதுவும் திரும்பி வந்துவிட்டது. அவள் கணக்கையே மூடிவிட்டாள்.

மார்ச் 26, புதன்

கடைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. மதியத்துக்குள் உறுதி சொல்ல வேண்டும். நான்தான் முதலில் பார்த்தேன். இந்த ஆப்பில் மெயிலை இடது பக்கம் இழுத்தால் அழிந்துவிடும். இழுத்தேன். பிறகு குப்பைக் கூடையிலிருந்தும் அழித்தேன். பழி மகன்மேல் விழுந்தது, அறையும் வாங்கினான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஆண்டவனே, இதை என் பற்றுக் கணக்கில் எழுதிக்கொள். மன்னிப்புக் கேட்க இன்று மனம் வரவில்லை.

மார்ச் 29, சனி

தங்கை வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா போனில் கிடைத்தார். "காலி பண்ணிட்டு ஒரு பராமரிப்பு இல்லத்துல போய்ச் சேந்துட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா? அக்காதானே நீங்க?" இல்லத்தில் எதுவானாலும் மெயிலில்தான் கேட்க வேண்டுமாம். விலாசம் கொடுத்தார். எழுதியிருக்கிறேன். அனுப்புநர் வரியை மூன்று தடவை படித்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இல்லத்துப் பொறுப்பாளரின் பதில். "உறவினர்: யாருமில்லை" என்று தங்கை தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். "தாங்கள் அவருக்கு அனுப்பிய கடிதத்தின் நகலை எங்களிடம் காட்டினார். அவர் விருப்பமின்றிச் சந்திக்க அனுமதிக்க இயலாது."

பதில் வந்த சத்தம் கேட்டு மூவரும் அவரவர் போனில் படித்துவிட்டார்கள்.

"பாத்தியா, எடம் கெடச்சுருச்சு. நல்லதுதானே நடந்திருக்கு" என்றார் அவர்.

ஏப்ரல் 5, சனி

பச்சைக் கட்டத்தைப் போனிலிருந்து நீக்கிவிட்டேன். நூலகத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தனிக் கணக்கு தொடங்கினேன். போனில் ஓர் அழகும் இல்லாத ஆப், ஒரே ஆள், ஒரே விலாசம். அங்கிருந்து அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அந்தக் கடிதம் யார் எழுதியது என்று இனி விளக்கப்போவதில்லை. இல்லத்தின் சமையலறைக்கு ஆள் தேவை என்று தங்கள் இணையப் பக்கத்தில் அறிவித்திருக்கிறீர்கள். முப்பது வருடமாகச் சமைக்கிறேன். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு மசித்துக் கொடுக்கத் தெரியும். தங்க ஓர் இடம் போதும். உறவினராக வர அனுமதி இல்லாவிட்டால் வேலைக்காரியாக வருகிறேன். அவள் சாப்பிடும் இடத்துக்கு நான் வரக்கூடாது என்றால் அதற்கும் சம்மதம். இது என்னுடைய விலாசம், வேறு யாரும் படிப்பதில்லை. எந்த நாளில் வரலாம் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்."