எல்லையம்மனின் இரும்புக் கதவு

அன்புள்ள மச்சான் ஏழுமலை,

நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் முடிந்தது. உடம்பைவிட மனசுதான் அசந்து கிடக்கிறது.

நம் ஊர் இப்போது ஆட்கள் பார்க்க வருகிற இடமாகிவிட்டது, நம்புவாயா? ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு, ஒரகடம் கம்பெனிப் பிள்ளைகளும் தண்டலம் காலேஜ் பிள்ளைகளும் இங்கே வண்டியை நிறுத்துகிறார்கள். நாம் வேலை பார்த்த மரவாடியில் முதலாளி மகன் டீக்கடை போட்டிருக்கிறான். துருப்பிடித்த அறுவை மிஷின் பக்கத்தில் நின்று எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். அந்த மிஷின் நம்மை ஒருநாளாவது நிம்மதியாகத் தூங்கவிட்டதா?

வாரம் முழுக்க எனக்கு செக்யூரிட்டி வேலை. ஞாயிறானால் கடைக்கு வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன். சவுக்குத் தோப்புகள் இருந்த இடம், மர லாரிகள் வரிசைகட்டி நின்ற ஏரிக்கரை, கம்பெனிகளுக்குச் சரக்கு அனுப்ப மரப்பெட்டி அடித்த கொட்டகை. தோப்பெல்லாம் பிளாட்டாகி, பிளாட்டெல்லாம் கம்பெனியாகி, மரவாடிகளை ஒவ்வொன்றாகப் பூட்டின கதை. சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது. கடைசியில் எல்லையம்மன் கோயில். இவ்வளவு மரம் அறுத்த ஊரில் சாமிக்கு ஏன் இரும்புக் கதவு என்று அங்கேதான் கேட்பார்கள்.

கதவுக்கு வந்த வேங்கை மரத்தை ஒருத்தன் தெரியாமல் பெட்டிப் பலகையாக அறுத்துவிட்டான் என்பேன். சிரிப்பார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரிப்பேன், மச்சான்.

நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். அந்த மரத்தின் முனையில் கோயிலுக்கு என்று அடையாளமாகச் சிவப்புப் பெயிண்டில் சூலம் போட்டிருந்தது. முனை வெடித்திருந்ததால் அதை நறுக்கித் தள்ளினவன் நான். நறுக்குவதற்கு முன்னால் அடையாளத்தை மறுமுனையில் போட்டாக வேண்டும். ஓ.டி. பார்த்த அசதியில் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். அடையாளம் இல்லாத மரம் பெட்டிக்கு என்பதுதான் நம் வழக்கம். அடுத்த ஷிப்டுக்கு வந்த நீ வழக்கப்படி அறுத்தாய்.

ஊர் கூடிக் கேட்டபோது என் பெயரை ஏன் சொல்லாமல் விட்டாய்? பெண்டாட்டியின் அண்ணன் என்பதாலா? அதற்குப் பிறகு ஆடித் திருவிழாவில் உன்னைச் சாமி தூக்க விடவே இல்லை. நீ கூட்டத்துக்கு ஓரமாக நிற்பாய். நான் சாமிக்குத் தோள் கொடுத்துக்கொண்டு உன்னைத் தாண்டிப் போவேன். வெட்கம் கெட்டவன் நான்.

போன ஞாயிறு உன் மகள் கலா வந்தாள். கம்பெனி லைனில் கூட வேலை பார்க்கிற திருநெல்வேலிப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். நான் கதையைச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் கேட்டது: "அறுத்தது யாரு அண்ணாச்சி?"

கலா தலையைக் குனிந்துகொண்டு, "எங்கப்பாதான்டி" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இல்லம்மா. முனைய நறுக்குனது நான். அடையாளம் போட மறந்துட்டு வூட்டுக்குப் போய்ட்டேன். உங்கப்பா மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் கோபப்படவில்லை. "தெரியும் மாமா. அம்மாவுக்கும் தெரியும். நீயா சொல்லுவேன்னு இத்தினி வருஷமா பாத்துகினு கீது."

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் என் தங்கச்சி எனக்குச் சோறு போட்டாளா? நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாயே.

இந்த ஆடிக்குச் சாமி புறப்படும் முன்னால் மைக்கை வாங்கி ஊர் முன்னிலையில் சொல்லிவிடுவேன். அதோடு தோள் கொடுப்பதில்லை. நீ நின்ற ஓரத்தில் போய் நின்றுகொள்கிறேன்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன் என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படுகிற
உன் மச்சான்,
வேலாயுதம்