பிரசவத்தோடு போகாத சர்க்கரை

இன்று காலை இங்கே வாகட் பகுதியில் ஒரு ஆய்வகத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடித்தேன். எலுமிச்சை பிழிந்திருந்தும் குமட்டியது. உடனே உன் நினைவு. நாம் அறிமுகமானதே இப்படியொரு ஆய்வகத்தில்தானே. இருவருக்கும் ஏழாம் மாதம். அடுத்த முறை ரத்தம் எடுக்கக் காத்திருந்தபோது நான் அம்மாவிடம் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தமிழா நீங்க?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

இருவருக்குமே சர்க்கரை. நான் அழுதேன். பள்ளியில் உயிரியல் நடத்துகிற நீ அழவில்லை.

"லட்டு தின்னதால வந்ததில்ல இது. நஞ்சுக்கொடியில இருந்து வர்ற ஹார்மோன் இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. மத்தவங்களுக்குக் கணையம் கூடுதலாச் சுரந்து சமாளிச்சுக்கும். நம்மளுதுக்கு அவ்வளவு தெம்பில்ல."

பிரசவமானதும் சர்க்கரை இறங்கிவிட்டது. நான் அதோடு மறந்தேன். நீ வருடாவருடம் சோதித்துக்கொண்டாய், என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "போனது ஹார்மோன்தான். இன்சுலின் சுரக்கிற செல் அதே பழைய செல்தானே?" என்பாய்.

பிறகு உனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. சிகிச்சையோடு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அதுவும் ஹார்மோன் வகைதான். சர்க்கரை எகிறியது. இவ்வளவு ஏன் என்று டாக்டர் குழம்பியபோது, படுத்தபடியே ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாய், கர்ப்பத்திலேயே சர்க்கரை இருந்தது என்று. இன்சுலின் போட்டார்கள். சர்க்கரை அடங்கியது. புற்றுநோய் அடங்கவில்லை.

நீ போனபின் தனியாகப் போய் அந்த ஆய்வக நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. சோதனையை விட்டுவிட்டேன். இப்போது மாதவிலக்கு முன்பின்னாகிறது. போன வாரம் மருத்துவர் ஹார்மோன் மாத்திரை எழுதப் போனார். பழைய சர்க்கரையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "முதலில் டெஸ்ட் எடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார்.

மாலையில் முடிவு வந்தது. சர்க்கரை நோய் இல்லை, ஆனால் அதன் விளிம்பில் இருக்கிறேன். நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், சோற்றைக் குறைக்கவும்.

அன்று என் வயிற்றில் இருந்தவள் கல்லூரியிலிருந்து வந்ததும் முடிவைப் பார்த்துவிட்டுத் தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள். "அம்மா, எனக்குக்கூட அது வருமா?"

"வரலாம், வராமலும் போகலாம். எந்த டாக்டர்கிட்ட போனாலும், என்னை வயித்துல வச்சிருந்தப்போ அம்மாவுக்குச் சர்க்கரை இருந்துச்சுன்னு சொல்லிரு. அவங்க கேக்கணும்னு காத்திருக்காதே."

சொல்லி முடித்தபின்தான் கவனித்தேன். என் குரல் உன்னைப் போலவே நிதானமாக இருந்தது.