ஏரிக்கு எட்டாத பெயர்

ஹார்மன் ஃபால்ஸ், இண்டியானா
20-9-1992

அன்புள்ள அப்பாவுக்கு,

கைசா எழுதுகிறேன். சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த, இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டிகளைப் பாதி வழியிலேயே தின்று தீர்த்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஏக்கமாகப் பார்த்ததால் அவருக்கும் ஒன்று போயிற்று. நீங்கள் சமைக்கும் கப்பல் இப்போது எந்த ஏரியில் இருக்கிறதோ தெரியாது. கம்பெனி முகவரிக்கே எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் பெரிசு. உடை மாற்றும் அறையே நம் வீட்டைவிடப் பெரிது. கூடைப்பந்து அரங்கில் எட்டாயிரம் பேர் உட்காரலாம். நம் ஊர்க் கல்லூரியில் மழை நாளில் கூரை ஒழுக, கூடைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு ஆடினோமே, அதைச் சொன்னால் இங்கே ஒருத்தியும் நம்பவில்லை.

ஊர்க் கல்லூரியில் பெக்கி கோச்சிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் திட்டவில்லை. "மூணு வருஷமா நீதானே எங்க ஃபார்வர்ட். இங்க உனக்காக அரங்கமே எழுந்து நிக்குது. அங்க போயி வரிசைல நிக்கப்போறியா? சரி, போ," என்றார். எனக்குத்தான் அழுகை வந்தது.

கல்லூரி மாறி வந்தவள் ஒரு வருடம் ஆட்டத்தில் இறங்கக்கூடாது, பயிற்சி மட்டும்தான் என்பது விதி. அது முடிந்தால் எனக்கு மிச்சம் ஒரே ஒரு வருடம். "பெரிய இடத்துல ஒரு வருஷம் ஆடினாலும் போதும், அதுதான் ஆட்டம்" என்று நீங்கள் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே இருக்கும் டோனா கோச் நல்லவர். அடுத்த வருடம் முன்னால் நின்று கூடையில் போடுகிற ஃபார்வர்ட் இடம் எனக்குத்தான் என்று கையடித்துச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் மகள்
கைசா

~

கப்பலிலிருந்து, சுப்பீரியர் ஏரி
18-10-1992

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. கப்பல்கள் ஏரி மாறுகிற சூ மதகில் உன் கடிதம் கைக்குக் கிடைத்தது. அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்க நின்றபடியே படித்தேன். அடிப்பிடித்துவிட்டது. இருபத்தைந்து பேரும் என்னை ஏசிக்கொண்டே தின்றார்கள்.

அடுக்களை அலமாரியில் ஒரு ரேடியோ வாங்கி வைத்திருக்கிறேன். இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு மிச்சிகன் ஏரியின் தென்கோடிக்கு வரும்போது உங்கள் ஊர் நிலையம் கொஞ்சம் இரைச்சலோடு கேட்கிறது. சுக்கான் பிடிக்கும் மெல்வினைத் தெரியுமே, அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன சமையக்காரரே, ஆடாத பொண்ணுக்கு இப்பவே ரேடியோவா? தொட்டிலு வாங்கிட்டுப் பொண்ணு பாக்கப் போனவன் கணக்கா இருக்கே!" என்கிறான். "அடுத்த வருஷம் நீயே வந்து காதை ஒட்டவைப்படா" என்று சொல்லியிருக்கிறேன்.

போனில் எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா
ஆர்வோ

~

ஹார்மன் ஃபால்ஸ்
24-2-1993

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏரி உறைந்ததால் கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டில் இருப்பீர்கள். சவ்னாவில் நீராவிக் குளியலுக்கு விறகு போதுமா? முதுகுவலி எப்படி?

என் வேலை என்னவென்று கேட்டிருந்தீர்கள். சிரிக்காதீர்கள். ஒவ்வொரு வாரமும் நான் வேறு ஒருத்தி. அந்த வாரம் எந்தக் கல்லூரி எங்களோடு மோதுகிறதோ, அந்தக் கல்லூரியின் ஃபார்வர்ட் எப்படி ஆடுவாளோ அப்படியே பயிற்சியில் நான் ஆட வேண்டும். எங்கள் பெண்கள் என்னைத் தடுத்துப் பழகுவார்கள். அவள் எண் போட்ட சிவப்பு பனியன்தான் போட்டுக்கொள்கிறேன். கோச்சும் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். போன வாரம் நான் இடதுகைக்காரி. வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து அவள் மூச்சு விடுவதுகூட எனக்குப் பாடமாகிவிட்டது. எங்கள் ஆட்டக்காரி என்னைத் தடுக்க முடியாமல் பந்தை உதைத்தாள். டோனா கோச் கைதட்டினார்.

நேற்று தனியாக நின்று கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். என் சொந்த ஷாட் எது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு வந்துவிட்டது.

ஊர்க் கல்லூரியில் என்னோடு சேர்ந்தவர்களுக்குப் போன சனிக்கிழமை பிரிவுபசார ஆட்டமாம். ஒவ்வொருத்தியின் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்ல, அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடுக்களம்வரை நடந்தார்களாம். நானும் அதில் இருந்திருப்பேன். பரவாயில்லை. அடுத்த வருடம் இங்கே, எட்டாயிரம் பேர் முன்னால். அம்மா அரிசோனாவிலிருந்து வரமாட்டாள். நீங்கள்தான் என் கையைப் பிடிக்க வேண்டும். கோட் போட்டுக்கொண்டு வர வேண்டும், சொல்லிவிட்டேன்.

கைசா

~

கார்ப் பே, மிச்சிகன்
3-3-1993

என் செல்ல மகளுக்கு,

என்னிடம் இருப்பது ஒரு கோட்தான். அது சாவு வீட்டுக்குப் போகிற கோட். அதைப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் நடக்க மாட்டேன். வேறு வாங்கிக்கொள்ளலாம், ஒரு வருடம் இருக்கிறதே.

மற்றவர்களைப் போல ஆடிக் காட்டுவது நல்லதுதான். ஆனால் கவனம். என் அடுக்களைக்கு ஒரு பையன் வந்தான், கேட்டால் எந்தக் கப்பல் சமையலையும் செய்து காட்டுவான். அவனுக்கென்று ஒரு சமையல் கடைசிவரை வரவில்லை.

விறகு இருக்கிறது. முதுகும் இருக்கிறது.

அப்பா

~

ஹார்மன் ஃபால்ஸ்
9-8-1993

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு செய்தி. டோனா கோச் டெக்சஸ் போய்விட்டார். இங்கேயிருப்பதைவிடப் பெரிய கல்லூரியாம். எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்கிற விதி கோச்சுகளுக்கு இல்லை போலிருக்கிறது.

புதிதாக வந்தவர் பெயர் ரீட்டா ஹாலோவே. தன்னோடு இரண்டு ஃபார்வர்ட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குச் சொன்ன வாக்கைப் பற்றிக் கேட்டேன். "அது அவங்க சொன்னது. நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இன்னும் ஒரு முறை மாற முடியாது. மாறினால் மறுபடி ஒரு வருடம் உட்கார வேண்டும், அதற்குள் எனக்கான வருடங்கள் முடிந்துவிடும். இருப்பது இந்த ஒரு வருடம். உயிரைக் கொடுத்து ஆடுவேன். கவலைப்படாதீர்கள்.

கைசா

~

கப்பலிலிருந்து, மிச்சிகன் ஏரி
12-12-1993

என் செல்ல மகளுக்கு,

மூன்று முறை இந்தப் பக்கம் வந்துவிட்டோம். மூன்று முறையும் ஆட்டம் கேட்டேன். நிலையம் நன்றாகத்தான் எடுத்தது. உன் பெயர் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமல் எழுது. இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். மெல்வின்கூடக் கேலியை நிறுத்திவிட்டான், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜனவரி நடுவில் கப்பலைக் கட்டிவிடுவார்கள். நேரில் வந்து பார்க்கட்டுமா?

அப்பா

~

ஹார்மன் ஃபால்ஸ்
20-12-1993

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ரேடியோக்காரர் கூடையில் போடுகிறவர்கள் பெயரைத்தான் சொல்வார். நான் தடுப்பாட்டத்துக்கு இறங்குகிறேன், கூடையில் விழாமல் திரும்புகிற பந்தைப் பிடித்து ரீபவுண்ட் எடுக்கிறேன். அதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? ஹாலோவே கோச்சுக்கு இப்போது என்மேல் நம்பிக்கை வந்திருக்கிறது.

இப்போது வர வேண்டாம். பனியில் பஸ் பயணம் உங்கள் முதுகுக்கு ஆகாது. பிப்ரவரி 26 பிரிவுபசார ஆட்டம். அன்றைக்கு வாருங்கள், போதும்.

கைசா

~

ஹார்மன் ஃபால்ஸ்
30-1-1994

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று சனிக்கிழமை ஆட்டம் நீங்கள் வீட்டில் இருந்ததால் கேட்டிருக்க முடியாது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஜெயித்தோம். இரண்டாம் பாதியில் கோச் என்னை இறக்கினார். பதினொரு நிமிடம் ஆடினேன். நான்கு ரீபவுண்ட். கடைசியில் ஒரு கூடையும் போட்டேன், பழையபடி வலப்பக்கம் திரும்பி. அரங்கில் ஒரே கூச்சல். நீங்கள் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

கைசா

~

கார்ப் பே
4-2-1994

கைசாவுக்கு,

நான் இருந்தேன்.

மனது கேட்காமல் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். மறுநாள் காலையிலேயே அரங்குக்கு வந்துவிட்டேன். அரங்கைக் கூட்டுகிற ஆள் என் கப்பல் தொப்பியைப் பார்த்து, "நம்ம ஏரிக்காரரா? மேல போயி சத்தம் போடாம உக்காருங்க, பயிற்சி நடக்குது," என்று உள்ளே விட்டார். மேல் வரிசையில் இருந்து பார்த்தேன். சிவப்பு பனியனில் நீ ஆடினாய். இதுவரை நீ அவ்வளவு நன்றாக ஆடி நான் பார்த்ததில்லை. உன்னை ஒருத்தியாலும் நிறுத்த முடியவில்லை. "பெக்கெட், இங்க வா. பெக்கெட், இன்னொரு தடவ," என்று அந்தக் கோச் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பெக்கெட் யார் என்று எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. எதிர்க் கல்லூரிப் பெண். அவள் வந்து அதே ஆட்டத்தை ஆடினாள். உன் அளவுக்கு ஆடவில்லை.

நீ பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தாய். கடைசிவரை மேல்சட்டையைக் கழற்றவில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் போட்ட தண்ணீர்ப் புட்டிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாய். வெளியே தாழ்வாரத்தில் மற்றப் பெண்களின் அப்பா அம்மாக்கள் நின்றார்கள். நானும் நின்றேன். நீ வருகிற சத்தம் கேட்டதும் என்ன பேசுவது என்று தெரியாமல் கிளம்பிப் போய்விட்டேன். காலையிலிருந்து இரவுவரை உன்னை ஒருவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்ததற்கு எனக்குக் கோபமில்லை. வீட்டுக்கு வந்தால் பதினொரு நிமிடம், நான்கு ரீபவுண்ட் என்று கடிதம். என்னை அவ்வளவு முட்டாள் என்றா நினைத்தாய்? இனி ஆட்டத்தைப் பற்றி எனக்கு எழுதாதே.

ஆர்வோ

~

ஹார்மன் ஃபால்ஸ்
11-2-1994

அப்பாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும், கடைசியாக.

இன்று காலை அணியிலிருந்து விலகி உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு நாள் எப்படித் தாங்கினேன் என்றால், என்றைக்காவது ஒரு நாள் அந்தப் பொய்களில் ஒன்றாவது நிஜமாகும், அதை மட்டும் உங்களுக்கு எழுதலாம் என்றுதான். ஏரியில் ரேடியோ முன்னால் நீங்கள் உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொள்வேன். நீங்கள் நேரிலேயே பார்த்துவிட்டீர்கள். இனி யாருக்காக அந்த பெஞ்சில் உட்காருவது?

ஹாலோவே கோச் ஆச்சரியப்பட்டார். "இன்னும் ரெண்டே வாரந்தானே, பல்லக் கடிச்சிட்டு இருந்துடேன்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப புதன்கிழமை யாரு மோரிஸா ஆடுறது?" என்றார். மோரிஸ் அடுத்து வருகிற கல்லூரியின் ஃபார்வர்ட்.

26ஆம் தேதி படிக்கிற பட்டியலில் என் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. திரும்பச் சேர்க்க முடியாது, சம்மதமா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் வாங்கினார்கள். நீங்கள் வர வேண்டியதில்லை. மே மாதம் படிப்பு முடியும். ஊருக்கு வருவேனா என்று தெரியவில்லை. அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

நீங்கள் தாழ்வாரத்தில் நின்றதை நான் பார்க்கவில்லை அப்பா. பார்த்திருந்தால் ஓடி வந்திருப்பேன்.

கைசா

~

கார்ப் பே
12-2-1994

என் செல்ல மகளுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. தபாலில் போட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெல்வின் காப்பி குடிக்க வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோப்பையை வைத்துவிட்டு, "நீ மட்டும் பெரிய யோக்கியனா? 'இப்பத்தான் எம்பொண்ணு பேரு வந்துச்சு, நீங்க போன பின்னாடி வந்துச்சு'ன்னு எங்ககிட்ட எத்தன தடவ சொன்ன? மேல எங்க அறையிலயும் அதே நிலையந்தான்யா ஓடிச்சு. கேக்காத மாதிரி நாங்க தலையாட்டல?" என்றான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீ எனக்குச் சொன்ன பொய்யைத்தான் நானும் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உன்னைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

எத்தனை நிமிடம் ஆடினாய் என்று இனி கேட்கவே மாட்டேன். 26ஆம் தேதி வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள். அன்றைக்கு ஆடினவளுக்கும் பெயர் உண்டு, உட்கார்ந்திருந்தவளுக்கும் பெயர் உண்டு. அதை அந்தக் கோச்சால் தடுக்க முடியாது. எட்டாயிரம் பேர் கேட்க உன் பெயரைச் சொல்வார்கள், நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அந்த ஒன்றுக்காக நீ அங்கே போனதாக வைத்துக்கொள்கிறேன், எனக்கு அது போதும்.

இன்று கடைக்குப் போய் கோட் வாங்கினேன். பழுப்பு நிறம். கை கொஞ்சம் நீளம், தையல்காரர் மடித்துத் தைத்துக் கொடுத்தார். மெல்வின் தன் காரில் கூட்டிக்கொண்டு வருகிறான். கப்பல் ஆட்கள் இன்னும் நான்கு பேர் வருவார்களாம். கத்துவதற்குத்தான் வருகிறோம் என்கிறார்கள்.

உன்னிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, நேரில் பேசிக்கொள்ளலாம். கோட்டை மடங்காமல் கதவு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அப்பா
ஆர்வோ