முப்பது மணியும் நான் அளந்த ஆயிரமும்

என் அன்புக்கும் ஏச்சுக்கும் ஒருங்கே உரிய மச்சான் ஆறுமுகத்துக்கு,

மலாக்காவின் ஏழு கடல்களும் நடுங்க உன் மச்சான் கோவிந்தன் எழுதிக்கொள்வது. ஒரு கடல்தான் இருக்கிறது, அதிலும் பாதி சேறு என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அங்கே பச்சை வண்ணம் கிடைக்கிறதா, இல்லை இங்கே போலவே நீலத்தையும் மஞ்சளையும் குழைத்துக்கொண்டு கிடக்கிறாயா?

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை பாக்கியம் தேறிவிட்டாள். உன் தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். யாரையும் தொட விடுவதில்லை, என்னை மட்டும் பார்க்கவே விடுவதில்லை. நீ போன நான்காம் மாதம் மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தது. கொடி ஏறிய அன்று கூடிய கூட்டத்தில் மழை பெய்திருந்தால் ஒரு சொட்டும் தரையைத் தொட்டிருக்காது. இது அளப்பு இல்லை, மச்சான். கொஞ்சம்தான் அளப்பு.

ஆனால் நான் பேனாவை எடுத்தது வேறு செய்திக்காக. நம் சுவர் வென்றுவிட்டது. நான் தோற்றதால் வென்றது.

இந்தக் கடிதத்தையும் அதே சுவரில்தான் ஒட்டப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே புதிதாக வந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்காகவும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். காஜா பேராங் படிப்பகத்தின் முன்னால், கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில், சனிக்கிழமை தோறும் மாலையில் நீ ஒரு பெரிய தாளை ஒட்டுவாய். படக்கதை. மூன்று மந்திரவாதிகள் ஒரு மலைமேல் ஏறுகிறார்கள். எங்கள் தெருவுக்குச் சண்டமாருதன். தெங்கேராவுக்கு அலையரசி. கம்போங் செட்டிக்குப் புலிமுகன். மூன்று பக்கத்து ஆட்களும் தாளுக்குக் கீழே உட்கார்ந்து தாயக்கட்டையை உருட்டுவார்கள். விழுந்தது எதுவோ, அதை அடுத்த வாரத் தாளில் நீ வரைவாய், நான் வசனம் எழுதுவேன்.

மந்திரத்துக்கு நீதான் சட்டம் போட்டாய். ஒவ்வொருவர் கழுத்திலும் பத்து மணி. ஒரு மந்திரத்துக்கு மூன்று மணி செலவு. செலவான மணி காற்றில் கரையாது, அடி வாங்கியவர் கழுத்தில் போய் ஏறிக்கொள்ளும். அடித்தவர் மலையில் முன்னேறுவார், ஆனால் இளைத்துப் போவார். அடி வாங்கியவர் பின்னே உருளுவார், ஆனால் கனத்துப் போவார். மொத்தம் முப்பது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சைன்போர்டு எழுதுகிற ஒரு மனிதனுக்கு இவ்வளவு நியாயம் எங்கிருந்து வந்தது என்று நான் அப்போதே கேட்டேன். நீ சிரித்தாய்.

சண்டமாருதனை ஆட்டியது நான். என் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? மூன்றே வாரத்தில் மூன்று மந்திரம். அலையரசிக்கு இரண்டு, புலிமுகனுக்கு ஒன்று. மலையில் பாதித் தூரம் ஏறி நின்று மீசையை முறுக்கினேன். கழுத்தைப் பார்த்தால் ஒரே ஒரு மணி. அடுத்த மந்திரத்துக்கு வழியில்லை. அப்போதுதான் எனக்குள் இருந்த மகாகவி விழித்துக்கொண்டான். சண்டமாருதன் நடுக்கடல் பாறையில் ஒற்றைக்காலில் தவம் செய்தான், பஞ்ச பூதங்களும் வரிசையில் நின்று ஆயிரம் மணி கொடுத்தன என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

நீ படித்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினாய். "முப்பதுன்னா முப்பதுதான் மச்சான். ஒனக்கு வாய் வலிக்கலங்கிறதுக்காக மணி பெருகாது" என்றாய். நான் விடவில்லை. கதைக்குக் கால் கை கிடையாது, தடை போட நீ யார் என்று கத்தினேன். கடைசியில் நீ தூரிகையை எடுத்துக்கொண்டு சொன்னது இதுதான்.

"எழுதிக்க. எழுத்து ஒன்னோடது. படம் என்னோடது."

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நீ வரைந்து ஒட்டிவிட்டுப் போனாய். மறுவாரம் காய்ச்சல் என்றார்கள். பத்து நாளில் நீ இல்லை. அந்தப் பத்து நாளில் ஒருநாளாவது நான் வந்து, நீ சொன்னதுதான் சரி என்று சொல்லியிருக்கலாம். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தேன், சண்டமாருதனைப் பற்றியே பேசினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். அது சலிப்பா, மச்சான்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு தெங்கேரா ஆட்கள் உருட்ட மறுத்துவிட்டார்கள். லாரி ஓட்டுகிற முத்தையா எல்லார் முன்னிலும் சொன்னான்: "ஒங்க ஆளு சாமியாயிட்டாருண்ணே. நாங்க எதுக்கு உருட்டணும்? தேங்கா ஒடைச்சுக் கும்பிட்டுட்டுப் போறோம்." அதோடு போனவர்கள் திரும்பவில்லை. எங்கள் தெருவே அலுத்துக்கொண்டது. யாராலும் அடிக்க முடியாதவனைப் பார்க்க யார் சனிக்கிழமையை வீணாக்குவார்கள்? படிப்பகச் செயலாளர் மாதக்கணக்கில் பொறுத்தார். கடைசியில், வருகிற சனிக்கிழமை தாளைக் கிழித்துவிட்டு அறிவிப்புப் பலகை மாட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்.

எனக்குப் படம் வரையத் தெரியாது. நான் யானை வரைந்தால் பாக்கியம் ஆட்டுக்கல்லா என்று கேட்பாள். தாள் கிழிந்தால் கதை அதோடு செத்தது. நீ கடைசியாக வரைந்த படத்தின்மேல் என் பொய் ஏறி உட்கார்ந்தது மட்டும்தான் ஊர் நினைவில் நிற்கும். அதை நினைத்துக்கொண்டு வியாழக்கிழமை மத்தியானம் தாள் முன்னால் நின்றேன்.

அப்போது கம்போங் செட்டியிலிருந்து மங்களம் வந்தாள். செருப்புமேல் பாசிமணி கோத்துப் பூ தைப்பாளே, அவள்தான். புலிமுகனுக்காக உருட்டுகிறவள். அவர்கள் வீட்டில் பேச்செல்லாம் மலாய், தமிழ் எழுத்து ஒன்றும் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஏன் யாரும் உருட்டவில்லை, தங்கள் முறை வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று சண்டைக்கு வந்தாள். நான் ஆயிரம் மணிக் கதையைச் சொன்னேன். பஞ்ச பூதங்களையும் விடவில்லை.

அவள் தாளுக்குக் கிட்டே போனாள். "மானா அடா, அபாங்?" என்றாள். எங்கே இருக்கிறது, அண்ணே.

ஊசி பிடிக்கிற விரலை அலையரசியின் கழுத்தில் வைத்து எண்ணினாள். பதினாறு. புலிமுகன் கழுத்தில் பதின்மூன்று. அப்புறம் சண்டமாருதன். வாயை வானம் வரைக்கும் பிளந்துகொண்டு, மீசை இரண்டும் மேகத்தில் முட்ட நிற்கிறான், முகம் அப்படியே என் முகம். கழுத்தில் ஒரே ஒரு மணி.

அந்த ஆயிரத்தை நீ வரையவே இல்லை, மச்சான். ஒரு மணிகூடக் கூட்டவில்லை. நான் கீழே ஆயிரம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன், நீ மேலே முப்பதை முப்பதாகவே காப்பாற்றி வைத்திருக்கிறாய். தமிழ் படிக்கத் தெரிந்த நாங்கள் எல்லோரும் என் எழுத்தைப் பார்த்து ஏமாந்தோம். படம் மட்டும் பார்த்த கம்போங் செட்டி ஆட்களுக்கு ஆட்டம் ஒருநாளும் கெடவில்லை, முறை வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். நடு அஞ்சடியில் நின்று சிரித்தேன். அழவும் செய்தேன். பக்கத்துக் கடை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை மாலை முத்தையாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தேன். மூன்று பக்கத்து ஆட்களும் நின்றார்கள், செயலாளர் சுத்தியலோடு நின்றார். பெஞ்சுமேல் ஏறினேன். பத்து நிமிடப் பிரசங்கம் தயார் செய்திருந்தேன், அதை விட்டுவிட்டேன்.

"ஆயிரம்னு நான் எழுதினது பொய். படத்தப் பாருங்க. என் ஆளுகிட்ட ஒரு மணிதான் இருக்கு" என்றேன்.

கூட்டம் தாளுக்கு மேல் விழுந்தது. ஆளுக்கு ஆள் எண்ணினார்கள், சத்தமாக. முப்பது வந்ததும் முத்தையா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இத்தனை மாதக் கோபம் அவனுக்கு. ஆறு விழுந்தது, அடித்தான். மறுபடி உருட்டினான், ஐந்து, அடித்தான். இன்னொரு ஆறு, இன்னொரு அடி. சண்டமாருதன் பாதி மலையிலிருந்து உருண்டு, அடிவாரம் தாண்டி, அலையாத்திக் காட்டுச் சேற்றில் போய் விழுந்தான். தெங்கேரா ஆட்கள் கத்திய கத்தலில் துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு சுமத்ராவுக்கு ஓடிவிட்டன.

அப்புறம்தான் மங்களம் மெல்ல எண்ணினாள். மூன்று மந்திரம், ஒன்பது மணி. அலையரசியிடம் ஏழு. என்னிடம் பத்து. முத்தையா விரல்விட்டு எண்ணிப் பார்த்தான், இரண்டு தரம். "ஏண்ணே, அடிச்சது நானு. பணக்காரனானது நீங்களா?" என்றான். உன் சட்டம், மச்சான். விழுந்தவனைத் தூக்கிவிடுகிற சட்டம்.

மங்களம் தன் பதின்மூன்றை அணைத்துக்கொண்டு, மந்திரம் போடாமல் இரண்டு படி ஏறி நின்றுகொண்டாள். என் முறை வந்தது. அடிவாரத்துக்கும் கீழே கிடக்கிறவன் ஆட்டத்துக்குள் திரும்பத் தாயம் விழ வேண்டும். கட்டையைக் கையில் உருட்டும்போது எந்தத் தெய்வத்தையும் கூப்பிடவில்லை, உன்னைத்தான் கூப்பிட்டேன். தாயம் விழுந்தது. கூட்டம் என்னைத் தூக்கிவிட்டது. தூக்கியவர்களில் இரண்டு பேர் தெங்கேரா ஆட்கள்.

செயலாளர் பலகையை எதிர்ச்சுவரில் அடித்துவிட்டார். இந்த வாரத் தாளை மங்களம் வரைந்தாள், செருப்புப் பூ வரைகிற கட்டம் போட்ட தாளில். அலையரசிக்கு மூக்கு சதுரமாக இருக்கிறது. மணி மட்டும் ஒன்றுகூடப் பிசகவில்லை. பாக்கியம் வந்து பார்த்தாள். வீட்டுக்குப் போய், துணிச்சுற்றைப் பிரித்து, மெல்லிய தூரிகை இரண்டை எடுத்து மங்களத்திடம் கொடுத்தாள்.

வருகிற சனிக்கிழமை நான் அலையரசியை அடிக்கப் போகிறேன். மூன்று மணி போகும், போகட்டும். மலை உச்சிக்கு நான் போவேனோ மாட்டேனோ, அது கட்டையின் பாடு. உனக்கு நான் கொடுக்கும் வாக்கு ஒன்றுதான்: ஜெயித்தால் உலகமே அதிர எழுதுவேன், தோற்றால் தோற்றேன் என்று அதே கொட்டை எழுத்தில் எழுதுவேன்.

சேற்றிலிருந்து எழுந்து வந்த,
உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமனும் உனக்கு என்றும் மச்சானுமான
கோவிந்தன்