கேட்டில் ரோஸம்மா

9-9-74, திங்கள்

காற்று. சட்டைப் பைக்குள் எல்லாம் மண். முதல் வேலை: கேட் பக்கம் சாக்குப் படுதா கட்டி ஒரு மறைப்பு. இறால் உரிக்கும் பெண்கள் வேலை முடிந்து போகும்போது இறாலை ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று இனி வாட்ச்மேன் பிச்சையா மேலே கை வைத்துச் சோதிக்க மாட்டான். மறைப்புக்குள் ஒரு பெண்தான் பார்ப்பாள். மானேஜரிடம் பல மாதம் மல்லுக்கட்டி வாங்கியது. பர்சனல் ஆபீசர் என்று வந்து உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

ஆள், ரோஸம்மா. உரிக்கும் மேசையில் எல்லோருக்கும் வேண்டியவள். ஐஸ் தண்ணீரில் யாருக்கு விரல் வெடித்தாலும் தேங்காயெண்ணெய்க்கு அவளிடம்தான் ஓடுவார்கள். அவள் கை பட்டால் யாருக்கும் கூச்சம் இருக்காது என்று நினைத்தேன். முதலில் பிடி கொடுக்கவில்லை. "நான் எதுக்கு சார்? வெளிய யாரையாவது பாருங்க." பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

வாங்க வேண்டியது: பிளேடு, சொட்டு நீலம், ஊறுகாய்.

ஆழ்வார்திருநகரிக்குக் கடிதம். அம்மாவுக்கு இன்னும் 'ஏற்றுமதிக் கம்பெனி' என்றுதான் தெரியும். எதை ஏற்றுமதி செய்கிறோம் என்று எழுதவில்லை.

11-9, புதன்

மானேஜர்: "உம்ம ஐடியா பரவாயில்லையே." நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அற்பன்.

மதியம் கேன்டீன் பக்கம் போனேன். பெண்கள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து. ரோ. தனி பெஞ்சில், தூக்குவாளியோடு. என்னைப் பார்த்ததும் மூடியைப் போட்டு மூடினாள். நான் வந்து தயிர்சாதத்தை என் மேசையில் வைத்துத் தின்றேன். மற்ற ஆபீசர்கள் அறையில் மீன் குழம்பு. அங்கே போனால் அவர்களுக்கும் சங்கடம், எனக்கும்.

சாயங்காலம் படுதாவுக்குப் பின்னால் ஒரு குரல்: "நல்லாப் பாருளா. ரவிக்கைக்குள்ள கூடை கூடையா வச்சிருக்கேன்." வரிசையில் ஒரே சிரிப்பு. ரோ. அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

பிச்சையா என்றால் திட்டிவிட்டுப் போகலாம். அவன் யாரோ. இவள் அவர்களோடு பூசைக்குப் போகிறவள். நல்லவளாகத் தேடிப் பிடித்தேனே, அதுதான் தப்பு. வெளி ஆளைப் பாருங்கள் என்று அவளே சொன்னாள்.

13-9, வெள்ளி

மின்சாரம் இல்லை. பல்வலி. பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் மழை வருமா என்று கேட்டேன். "காலையிலயும் இதத்தான கேட்டிய சார்" என்றார். உண்மைதான். அறைக்குத் திரும்பினால் பேச ஆள் கிடையாது.

16-9, திங்கள்

ரோ. ஆபீஸ் கதவோரம் வந்து நின்றாள். நேற்று அவள் தெருக் கோயிலில் அசனம். ஊர் முழுக்க ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. இவள் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் இலையைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய்விட்டாளாம். வேறு யாருமில்லை, அண்ணன் பெண்டாட்டி. அவளும் நம் மேசையில்தான் உரிக்கிறாள்.

"எங்க மதினி சார். கல்யாணமாகி வந்த நாளுலேருந்து நாங்க ஒரே தட்டுல தின்னிருக்கோம். அவ மேலயும் கை போடணும்னு சொன்னிய, போட்டேன். என்னைப் பழையபடி மேசைக்கே விட்டுருங்க."

சரி என்றேன். சொல்லிவிட்டேன், சட்டென்று.

மானேஜர் முடியாது என்றார். "அவ நின்ன நாள்லேருந்து இறால் எடை குறையலை. அவதான் நிக்கணும். மாட்டேன்னா வீட்டுக்கு அனுப்பும்."

நம் இருவரையும் யாரும் தடவிப் பார்ப்பதில்லையே சார் என்றேன். "நீர் ஆபீசரா, யூனியன்காரரா?" என்று சிரித்தார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் அன்பாக ஞாபகப்படுத்தினார்.

ரோ.விடம் சொல்லவில்லை. பின்வாசல் வழியாகப் போனேன். வெட்கமாக இருக்கிறது.

18-9, புதன்

காலையில் ரோ. யாரையும் கேட்காமல் மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். மதினி நகர்ந்து இடம் விட்டாளாம். பிச்சையா சொன்னான்.

மானேஜர் கூப்பிட்டார். சாயங்காலம் அவள் கேட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிச்சையா சோதிப்பான், அவளுக்கு நாளை முதல் வேலை இல்லை. அவளிடம் நான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சாப்பாட்டைக் காக்கைக்குப் போட்டேன்.

சங்கு. பெண்கள் வரிசை. மறைப்பு காலி. ரோ. வரிசை நடுவில், மற்றவர்களில் ஒருத்தியாக. பிச்சையா எழுந்து மறைப்புக்குள் போனான். முன்னால் நின்றவள் அசையவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பிச்சையா, நீ வெளிய வா" என்றேன். கேட்டை நானே திறந்தேன், இரண்டு கதவையும்.

போனார்கள். ஏதாவது சொல்வார்கள் என்று நின்றேன் போலிருக்கிறது. ரோ. மட்டும் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு நீங்க இருப்பியளா சார்?"

இருப்பேன் என்றேன். ரோட்டிலிருந்து மதினி குரல்: "ஏளா, வாரியா இல்லையா?" ஓடிவிட்டாள்.

ஆபீசில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மானேஜர் அறையில் மணி அடிக்கிறது. எனக்குத்தான்.