சலேஹா எடுத்த படம்

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு காலை

அன்பு மகன் தனேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் கிளாஸ்கோ குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் நம் ஃபிளாட்டில் லிஃப்ட் கெட்டு ஒன்பது நாளாகிறது, அவரை ஆறு மாடி ஏறவிடாமல் பசாருக்கு நான்தான் போய்வருகிறேன். உன் தங்கை ரூபினியின் மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்துவிட்டாள், முதல் நாள் அழுதது பிள்ளை இல்லை, ரூபினிதான். ஃபோன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் நீ என்னைப் பேச விடுவதில்லை ஐயா. போன தடவை நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ நாற்பது வார்த்தை சொல்லி, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். காகிதத்தில் நான் முடிக்கும்வரை நீ காத்திருந்துதான் ஆக வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், தெரியாதவன் போல நீ நடந்துகொண்டதால். எண்பத்தாறில் எனக்கு இருபத்தோரு வயது, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் கிலாங் வேலை, பக்கத்து இருக்கையில் சலேஹா. கிலாங் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த டீச்சரிடம் ஒரு வீடியோ கேமரா இருந்தது, தோளில் தூக்கி வைக்கிற பெரிய கேமரா, அதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு எங்களை நம்பிக் கொடுத்தார். கதை சலேஹாவுடையது, அவள் பட்டது. அவளுக்கு நிச்சயம் செய்திருந்த ஆள் பட்டர்வொர்த்தில் வேலை பார்த்தான். ஒரு நாள் அவனுக்கு ஆசையாகச் சமைத்து எடுத்துக்கொண்டு கிளம்பியவளிடம், அவனுக்குப் போன வாரமே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது என்று பஸ்ஸில் யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஃபெரியில் ஏறி உட்கார்ந்து, அவனுக்குக் கொண்டுபோன மூன்றடுக்குக் கேரியர் சோற்றையும் கறியையும் தானே சாப்பிட்டு முடித்தாள். அதைத்தான் எடுத்தோம். தன் முகம் தெரியக் கூடாது என்றாள், அதனால் நான் நடித்தேன், அவள் எடுத்தாள். வெட்டி ஒட்ட எங்களுக்குத் தெரியாது, அதற்கு மெஷினும் கிடையாது, அதனால் பட்டனை அழுத்தினால் காட்சி முடியும்வரை நிறுத்த மாட்டோம். ஃபெரியில் கேமராவின் கனம் தாங்காமல் அவள் கை நடுங்க ஆரம்பித்ததும் எதிர்ப் பலகையில் வைத்துவிட்டாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை போய்ச் சேரும்வரை நான் சாப்பிடுகிறேன், கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். கடைசியில் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, கதையும் கேமராவும் சலேஹா, நடிப்பு ஜெயலெட்சுமி என்று மார்க்கரால் எழுதி அதையும் எடுத்தோம். டீச்சர் வீட்டு டிவியில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தோம், அவ்வளவுதான். அந்த ஆளின் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் கெப்பாலா பத்தாஸில் இருந்தார்கள், சலேஹாவையும் பிறகு அதே ஊரில்தான் கட்டிக்கொடுத்தார்கள். அதனால் தன்னைக் கேட்காமல் யாருக்கும் காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கேசட்டை என்னிடம் கொடுத்தாள்.

அந்தச் சத்தியத்தை முதலில் மீறியவள் நான்தான், அதை மறைக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் நீ படம் எடுக்கப் படிக்கிறேன் என்று கிளம்பியபோது, அங்கே பழைய கேசட்டைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார்கள், இங்கே இருந்தால் வீணாகிவிடும் என்று நீ சொன்னாய், நான் சலேஹாவைக் கேட்காமலே உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினேன். பெற்ற பிள்ளை, வேறு யாரா. மூன்று மாதம் கழித்து நீ ஃபோனில், "பூஞ்ச புடிச்சி ஒட்டிக்கிச்சும்மா, ஒண்ணுமே வரல, தூக்கிப் போட்டுட்டாங்க" என்றாய். குரலைக்கூட வருத்தமாக வைத்துக்கொண்டாய். நான் பஸ் ஏறி கெப்பாலா பத்தாஸ் போய் சலேஹாவிடம் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். அவள் அழுதாள், ஆனால் திட்டவில்லை. "இந்த வெயில்ல அது இத்தன நாள் இருந்ததே பெரிசு ஜெயா" என்று எனக்கே ஆறுதல் சொல்லி, டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

இப்போது போன மாதம் நடந்ததற்கு வருகிறேன். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், பெரிய கம்பெனி இல்லாமல் சொந்த முயற்சியில் எடுத்த புதுப் படம் ஒன்றையும், அது எந்தப் பழைய படத்தைப் பார்த்துப் பிறந்ததோ அதையும் அடுத்தடுத்துப் போடுகிறார்கள் என்று நீதான் சொன்னாய். அதை நடத்துகிற பிரமிளா என்னை வீட்டுக்கே வந்து அழைத்தாள். நல்ல பெண். நான் சலேஹாவுக்கு ஃபோன் போட்டு, என் மகன் படம், நீ வராமல் எப்படி என்று வற்புறுத்தினேன். அவளும் சாயந்தரம் திரும்பி அழைத்துப்போக மகளை பட்டர்வொர்த்துக்கு வரச்சொல்லிவிட்டு, ஃபெரி ஏறி, புது பாஜூ போட்டுக்கொண்டு வந்தாள். முன்வரிசையில் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் போலக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

உன் படத்தில் ஸ்காட்லாந்து ஹோட்டலில் வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பெண் பஸ்ஸில் வருகிறாள். ஜன்னல் ஓரத்தில் அவள் முகத்தைப் பார்த்ததும், அம்மா எப்போதோ சொன்னதைப் பிள்ளை மனதில் வைத்திருக்கிறானே என்று பூரித்துப் போனேன். பிறகு அவள் ஃபெரி ஏறினாள். கேரியரைத் திறந்தாள். அப்போதும்கூட நீ என்னிடம் கேட்டதை வைத்து எடுத்திருக்கிறாய் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தனேஷ், அன்றைக்கு நான் நடித்தபோது சம்பல் காரம் கண்ணில் ஏறிவிட்டது, இடது மணிக்கட்டால் ஒரு கண்ணை மட்டும் துடைத்துவிட்டு, சலேஹா நிறுத்திவிட்டாளா என்று நேராகக் கேமராவைப் பார்த்துவிட்டேன். அது நடிப்பில்லை, தப்பு. வெட்டத் தெரியாததால் அப்படியே விட்டோம். உன் படத்திலும் அந்தப் பெண் இடது மணிக்கட்டால் ஒரு கண்ணைத் துடைத்துவிட்டு நேராக நம்மைப் பார்க்கிறாள். அதை நான் உனக்கு என்றைக்கும் சொன்னதில்லை, உன் அப்பாவுக்கே தெரியாது. கேசட்டைப் பார்த்தவனுக்கு மட்டும்தான் தெரியும். எனக்குப் புரிந்த அதே நொடியில் சலேஹா என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். "பூஞ்ச புடிச்சிருச்சுன்னு சொன்னே" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குத் தெரியாது சலேஹா, சத்தியமாகத் தெரியாது என்றேன். "ஒம் மகந்தானே" என்று மட்டும் சொன்னாள், அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

விளக்குப் போட்டதும் பிரமிளா நீ எழுதி அனுப்பியதை வாசித்தாள். அசையாத கேமராவையும் நீண்ட காட்சியையும் ஐரோப்பாவின் ஒரு பழைய மேதையிடம் கற்றுக்கொண்டேன், நான் பிறந்த ஊரில் இப்படிப் படம் எடுக்க எனக்கு முன்னால் யாருமே இல்லை, அநாதை போல வெளியூரில் போய் முன்னோர்களைத் தேடிக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு அம்மாவும் மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நான் போனேன். பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, ரொம்ப சந்தோஷம், தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சலேஹா பார்த்துக்கொண்டிருக்க, உன் பெயர் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். நீ செய்ததை எழுதும்போது நான் செய்ததையும் எழுத வேண்டும் அல்லவா. நான் இடத்துக்குத் திரும்பியபோது அவள் இல்லை, அவள் கொண்டுவந்த கறிபாப் பலகாரப் பொட்டலம் மட்டும் நாற்காலியில் இருந்தது. இரண்டாவதாகப் போட்ட அந்த மேதையின் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தனியாக உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன், உனக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க வேண்டும் என்று. நல்ல படம்தான். மீன் சந்தையில் வேலை செய்கிற பெண்ணின் பின்னாலேயே கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது, எங்கேயும் நிற்கவில்லை. உன்னுடையது எங்கேயும் ஓடவில்லை. அந்த அசையாமை சலேஹாவின் கைவலி ஐயா. அதற்கு நீ வேறு ஒருவர் பெயரை வைத்துவிட்டாய்.

மறுநாள் ஃபோனில் கேட்டபோது நீ இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. கேசட் ஓடியது, தூக்கிப் போடவில்லை, காப்பியும் இருக்கிறது, அப்போது ஏதோ பயத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்றாய். பிறகு, "அது ஹோம் வீடியோம்மா, அதப் போய் படம்னு சொல்லிக்கிட்டு, யாரும்மா அத மதிப்பாங்க" என்றாய். நான் ஃபோனை வைத்துவிட்டேன். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியை நிறுத்தாமலே, "விடு லா, நம்ம புள்ளதானே எடுத்தான், வெளியாளா எடுத்தான்" என்றார். மூன்று நாள் அவரோடும் பேசவில்லை. நாலாம் நாள் நீ ஃபோனுக்கு ஒரு லிங்க் அனுப்பி, இந்தாங்கம்மா, இப்ப சந்தோஷமா என்று எழுதியிருந்தாய். திறந்து பார்க்க மனம் வரவில்லை. தனியாகப் பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

மறுபடியும் கெப்பாலா பத்தாஸ் போனேன். சலேஹா கதவுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினாள், இத்தனை வருடத்தில் முதல் தடவை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், மேடையில் பூங்கொத்து வாங்கியதையும் சொன்னேன். அவள் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தாள். பிறகு திறந்து, "வா, அது இருக்கான்னு பாப்போம்" என்றாள். அவள் மகள் நூர் ஃபாத்திஹா தன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். முப்பத்தொன்பது வருடம் கழித்து அந்தப் பஸ் வந்தது, நான் வந்தேன், அவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறேன். சாப்பிட்டு முடித்தேன், ஃபெரி கரையில் முட்டியது, நாங்கள் அட்டைக்காகக் காத்திருந்தோம். அட்டை வரவில்லை தனேஷ். ஃபெரியோடு படம் நின்றுவிட்டது. நூர் ஃபாத்திஹா முதலுக்குப் போய் அங்கே இருந்த இங்கிலீஷ் எழுத்தை வாசித்துச் சொன்னாள், தனேஷின் குடும்பத்துப் பழைய வீடியோ என்று. உன் படத்துக்கு உதவித்தொகை கேட்டபோது காட்டிய காப்பியாக இருக்கும் என்று அவள்தான் ஊகித்துச் சொன்னாள், அவசரத்தில் அதையே எனக்கும் அனுப்பியிருக்கிறாய். கேசட் கெட்டுவிட்டது என்று பொய் சொன்னதைப் பயம் என்றாய், சரி. பெயர் அட்டையை உட்கார்ந்து வெட்டியதற்கு என்ன பெயர் சொல்வாய்? எங்கள் இரண்டு பேர் பெயரில் உன்னைப் பெற்றவள் பெயரும் இருந்தது.

சலேஹா மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னாள். பஸ் காட்சியில், நிறுத்து நிறுத்து என்றாள். பஸ் ஒரு பெரிய மரத்து நிழலுக்குள் நுழைகிறது, வெளிச்சம் குறைந்ததும் ஜன்னல் கண்ணாடியில் என் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் தெரிகிறது. தோளில் கேமரா, ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கனம் தாங்காமல் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, பத்தொன்பது வயது சலேஹா. நாலு வினாடி இருக்கும். அன்றைக்கு டீச்சர் வீட்டில் நாங்கள் கவனிக்கவே இல்லை. உன் படத்தில் ஜன்னலில் நிழல் விழுவதற்குள் காட்சியை மாற்றிவிட்டாய், அதனால் நீ கவனித்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். "நாந்தான்டி, பாரேன்" என்று அவள் திரையைத் தொட்டாள். அவள் மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்படி ஒரு கதை தன் அம்மாவுக்கு இருந்தது அவளுக்கு அன்றுதான் தெரியும். அன்றைக்கு நிச்சயம் செய்த அந்த ஆள் செத்து ஆறு வருடமாகிறது, இனி யாருக்குப் பயந்து லா, போடச் சொல், என் பெயரைப் பெரிதாகப் போடச் சொல் என்றாள் சலேஹா. என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தாள்.

நேற்று நானே பிரமிளாவைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பயந்துபோய் உன் படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். நல்ல படம் எடுத்திருக்கிறாய், அந்தப் பெண் என்னைவிட நன்றாகவே நடித்திருக்கிறாள், அதையும் சொன்னேன். அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் உன் படத்தை மறுபடியும் போடுகிறார்கள், அது முடிந்ததும் எங்கள் படம். கண்ணாடியில் தெரிகிற அந்த முகத்தைத்தான் அழைப்பிதழில் அச்சடிக்கிறார்கள். சலேஹா வந்து பேசுகிறாள், நானும் இந்தத் தடவை பேசுவேன். அதற்குள் உன் ஊரில் உனக்கு முன்னால் யாருமே இல்லை என்று எழுதியதை நீயே திருத்தி எழுதி அனுப்பினால் அதை வாசிப்பார்கள், அனுப்பாவிட்டால் அனுப்பவில்லை என்று நான் சொல்லிவிடுவேன். அதற்காக உன்னை வெறுத்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் முன்போல உன் குரலைக் கேட்டதும் நம்புகிற அம்மாவாக இருக்க முடியுமா என்று தெரியவில்லை, தெரியாததை எழுதி உன்னை ஏமாற்ற எனக்கு இஷ்டமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் ரொம்பக் கண் விழிக்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ நோய்நொடி இல்லாமல் நூறு படம் எடுத்து நல்லபடி வாழ வேண்டும், அந்த ஆசீர்வாதத்தை எந்தக் கோபத்திலும் நான் திரும்ப வாங்க மாட்டேன். மறக்காமல் அசல் கேசட்டை அட்டைக் காட்சி அழியாமல் நன்றாகச் சுற்றிக் கூரியரில் அனுப்பு. என் விலாசத்துக்கு வேண்டாம், சலேஹாவின் கெப்பாலா பத்தாஸ் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அங்கே அவள் பெயருக்கே அனுப்பு.

உன்னைப் பெற்ற அம்மா,
ஜெயலெட்சுமி தங்கராஜு