புழு என்று சொன்னேன்

நாள் 118, காலை
செவ்வாய், மூன்றாம் பைன் கூடம். எழுதுபவள் பூச்சியியலாளர் நாச்சியார். என்னைத் தவிர இங்கே ஆள் இல்லை. ஈரம் சரி, காற்று சரி. இந்த மரங்கள் விடும் காற்றில்தான் என் மூச்சு ஓடுகிறது. கிழக்கு வரிசையில் ஊசியிலைகளை ஏதோ கடித்திருக்கிறது. பச்சைப் புழுக்கள், கொத்துக் கொத்தாக. தலைமைக் கூடத்துக்குச் சொன்னேன். வானொலியில் அந்தோணி: "புழுதானக்கா? ஆளில்லா வண்டியில மருந்து வருது. தெளிச்சிட்டு நிம்மதியா இருங்க."

நாள் 126, மாலை
தெளித்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. கொழுத்துத்தான் போயிருக்கின்றன, சனியன்கள். லென்ஸில் வைத்துப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். வயிற்றடியில் எட்டு ஜோடிப் பொய்க்கால். அந்துப்பூச்சிப் புழுவுக்கு ஐந்துக்கு மேல் கிடையாது. இது ரம்ப ஈயின் குஞ்சு, குளவிக்கு உறவு. அந்துப்பூச்சிக்கான மருந்து இதை என்ன செய்யும்? நெளிவதையெல்லாம் புழு என்றே சொல்லிப் பழகிய வாய். வானொலியிலும் அப்படியே சொல்லித் தொலைத்தேன்.

நாள் 149
தாய் ஈ வால்நுனி ரம்பத்தால் ஊசியிலையைக் கீறி, உள்ளே முட்டை வைக்கிறது. இந்த ரம்ப ஈ எந்தப் பதிவிலும் இல்லை. புது இனம்! யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. மரத்திடம் சொன்னேன். ஆண் ஈ ஒன்றுகூட அகப்படவில்லை. பெண் தனியாகவே குடும்பம் பெருக்குகிறாள், கெட்டிக்காரி. நான் தனியாக இருந்து என்னத்தைக் கிழித்தேன்?

நாள் 171
மரங்கள் மொட்டை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்தோணி: "அக்கா, நானே வண்டிய எடுத்துட்டு வாரேன். உடுப்பப் போட்டுக்கிட்டு வாசல்ல நில்லுங்க."
அழுதுவிட்டேன்.
இருப்பது ஒரே விண்வெளி உடுப்பு. உதறினேன். உள்மடிப்புகளில் பழுப்புக் கூடுகள், மிளகு மிளகாக. பிடுங்கினேன். தையலுக்குள் இன்னும் இருக்கின்றன. சூடு காட்டினால் உடுப்பே உருகிவிடும். ஒரே ஒரு பெண் ஈ தப்பினால் போதும். தலைமைக் கூடத்திலும் பைன்தான். அங்கே நாற்பது பேர், கைக்குழந்தைகள் உட்பட.

நாள் 172
"அக்கா, வாசல்ல நிக்கேன். கதவத் தொறங்க. ஏன்க்கா பேச மாட்டேங்கீங்க?"
"திரும்பிப் போயிரு தம்பி. இது நீ நெனைக்கிற புழு இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன்."
உள்பூட்டைப் போட்டுவிட்டேன். இன்னும் தட்டுகிறான்.

நாள்
தட்டல் நின்றுவிட்டது. காற்று தீர்கிறது. இனத்தின் விவரம்:
பெயர்: அந்தோணி வைக்கட்டும்.
உணவு: பைன் ஊசியிலை மட்டும்.
ஆண்: இல்லை.
வாழுமிடம்: இந்தக் கூடம் மட்டும். அப்படியே இருக்கட்டும். கதவைத்